மனச்சோர்வில் அழற்சிக்குப் பங்கு உண்டா? கண்டறிவதும் கையாள்வதும்

காய்ச்சல் கண்ட முதல் நாளை நினைத்துப் பாருங்கள். உடம்பு வலிப்பது மட்டுமல்ல. சாப்பாடு பிடிப்பதில்லை, யாரோடும் பேசத் தோன்றுவதில்லை, வழக்கமாக விரும்பிச் செய்கிற காரியத்திலும் மனம் ஒட்டுவதில்லை, விளக்கை அணைத்துவிட்டுச் சுருண்டு படுத்தால் போதும் என்றிருக்கிறது. இந்த மனநிலையைப் பெரும்பாலும் கிருமி நேரடியாக உண்டாக்குவதில்லை. கிருமியோடு போராடும் நோயெதிர்ப்பு மண்டலம் மூளைக்கு அனுப்பும் இரசாயனச் செய்திகளே உண்டாக்குகின்றன. நோயுற்ற விலங்கு ஒடுங்கிக் கிடப்பதும் தீனியை மறுப்பதும் வெறும் பலவீனத்தின் விளைவல்ல, நோயை வெல்வதற்காக ஆற்றலைச் சேமிக்க உடல் மேற்கொள்ளும் ஒழுங்கான ஏற்பாடு என்று 1988இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் விளக்கினார்.

அந்த ஏற்பாடு சில நாட்களில் முடிந்துவிட்டால் நமக்கு நன்மைதான். ஆனால் எதிர்க்க வேண்டிய கிருமி எதுவும் இல்லாதபோதும் அந்தச் செய்திகள் மாதக்கணக்கில் மூளைக்குப் போய்க்கொண்டே இருந்தால், களைப்பும் ஒதுங்கலும் எதிலும் இன்பம் தோன்றாமையும் நிலைத்துவிடக்கூடும். மனச்சோர்வு உள்ளவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அழற்சியை, அதாவது நோயெதிர்ப்பு மண்டலம் முடுக்கிவிடப்பட்டிருப்பதைக் காட்டும் அளவீடு கூடுதலாக இருந்தது தெரியவந்தது. இதன் மறுபக்கத்தையும் மறந்துவிடக் கூடாது: நான்கில் மூவருக்கு அப்படி இல்லை. ஆகவே, 'மனச்சோர்வு என்பது அழற்சி நோய்தான்' என்று பரபரப்பாகச் சொல்பவர்களையும், 'உடலுக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு' என்று கேட்பவர்களையும் ஒருசேர ஒதுக்கிவிட்டு, உங்கள் விஷயத்தில் அழற்சிக்குப் பங்கு இருக்கிறதா, இருந்தால் அதை எப்படிக் கையாள்வது என்று மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாகத் தேடுவதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேடலைத் தள்ளிவைக்க வேண்டிய இரண்டு சூழல்கள்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டு, அருகில் இருக்கும் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லி, அவருடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அரிதானது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டியது. நன்றாக இருந்த ஒருவர் சில நாட்களுக்குள் அல்லது சில வாரங்களுக்குள் முற்றிலும் மாறிப்போய், குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு, முகத்திலோ கைகால்களிலோ கட்டுப்பாடற்ற அசைவு ஆகியவற்றுடன் காணப்பட்டால், அது சாதாரண மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு குறைவு. நரம்புச் செல்கள் செய்தி வாங்க உதவும், மூளையிலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே தாக்கும் ஒரு வகை மூளையழற்சியை 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்தார்கள். அதற்கு முன் இத்தகையோர் பலர் மனநோயாளிகள் என்றே கருதப்பட்டிருக்க வேண்டும். இது நரம்பியல் மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய நோய். இனி வரும் பகுதிகளில் நான் 'அழற்சி' என்று சொல்வது இதை அல்ல. ஆண்டுக்கணக்கில் நீறு பூத்த நெருப்பாக உடலில் கனன்றுகொண்டிருக்கும் மிதமான அழற்சியை. அழற்சி என்ற சொல்லே நெருப்பைக் குறிக்கும் 'அழல்' என்பதிலிருந்து வந்ததுதான்.

உடலில் எரிவது மூளைக்கு எப்படித் தெரிகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பயனில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளையணுக்கள் அபாயத்தை உணர்ந்ததும் சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இரத்தத்திலுள்ள எல்லாப் பொருள்களும் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி இரத்தக் குழாய்களின் உட்சுவர் ஒரு தடுப்பாக நிற்கிறது. நெடுங்காலம் இந்தத் தடுப்பு இருப்பதாலேயே மூளைக்கும் நோயெதிர்ப்புக்கும் தொடர்பில்லை என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. உண்மையில் செய்தி பல வழிகளில் உள்ளே போகிறது. வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் மூளைத்தண்டு வரை ஓடும் வேகஸ் நரம்பு சைட்டோகைன்களை உணர்ந்து மின்சமிக்ஞையாகக் கடத்துகிறது. தடுப்பு மெலிந்திருக்கும் சில இடங்கள் வழியாகச் சைட்டோகைன்கள் நேராகவே கசிகின்றன. தடுப்புச் சுவரின் செல்களே செய்தியை வாங்கி மறுபக்கம் புதிதாகச் சுரந்து கொடுப்பதும் உண்டு.

உள்ளே இந்தச் செய்தியைப் பெறுபவை மைக்ரோகிளியா எனப்படும் செல்கள். 1919இல் ஸ்பெயினின் பியோ தெல் ரியோ ஒர்தேகா இவற்றைத் தனி வகையாக அடையாளம் கண்டார். அமைதிக் காலத்தில் இவை நரம்புச் செல்களின் இணைப்புகளைப் பராமரிக்கும் தோட்டக்காரர்கள். தூண்டப்பட்டால் தாமே சைட்டோகைன்களைச் சுரக்கும் காவலர்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வின் உச்சத்தில் இருந்த 20 பேரின் மூளையையும் ஆரோக்கியமான 20 பேரின் மூளையையும் பெட் ஸ்கேனில் ஒப்பிட்டபோது, இச்செல்கள் தூண்டப்பட்டிருப்பதைக் காட்டுவதாகக் கருதப்படும் குறியீடு முதல் குழுவினருக்குச் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது.

அழற்சி தூண்டும் மாற்றங்களுள் மூன்று நம் நோக்கத்துக்கு முக்கியமானவை. முதலாவது, உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் தொடர்பானது. மனநிலையோடு தொடர்புடைய மூளை இரசாயனமான செரட்டோனினைத் தயாரிக்க இதுவே மூலப்பொருள். ஆனால் சைட்டோகைன்கள் ஐடிஓ என்ற நொதியை முடுக்கிவிட்டு, டிரிப்டோஃபேனின் பெரும்பகுதியைக் கைனுரெனின் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. அதிலிருந்து மைக்ரோகிளியா உண்டாக்கும் குவினோலினிக் அமிலம் நரம்புச் செல்களை அளவுக்கு மீறித் தூண்டிச் சேதப்படுத்த வல்லது. இரண்டாவது, டோபமின் உற்பத்திக்குத் தேவையான துணைப்பொருள் அழற்சியால் குறைவதால், 'இதைச் செய்தால் நன்றாக இருக்குமே' என்ற உந்துதலைத் தரும் மூளைப்பகுதி மந்தமாகிறது. அழற்சியோடு வரும் மனச்சோர்வில் அழுகையைவிட 'எதற்கும் மனம் எழவில்லை' என்ற புகாரே முன்னால் நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மூன்றாவது, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் இயல்பாக அழற்சியை அடக்கும். நெடுநாள் அழுத்தத்தில் செல்கள் கார்ட்டிசாலின் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடுவதால் அழற்சி அடங்காமல் தொடர்கிறது.

இவையெல்லாம் வெறும் ஊகமல்ல என்பதற்கு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா சிகிச்சையே வலுவான சான்று. ஹெபடைடிஸ் சி தொற்றுக்கும் தோலில் வரும் மெலனோமா புற்றுநோய்க்கும் இந்த நோயெதிர்ப்புப் புரதத்தை ஊசியாகப் போட்டபோது, முன்பு மனச்சோர்வே இல்லாத பலருக்கும் அது வந்தது. 2001இல் மெலனோமா நோயாளிகள் 40 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இன்டர்ஃபெரானுடன் வெற்று மாத்திரை (ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தற்ற மாத்திரை) பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்குக் கடும் மனச்சோர்வு ஏற்பட்டது. பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை முன்கூட்டியே பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கே ஏற்பட்டது. அந்த நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. களைப்பும் பசியின்மையும் உறக்கக் கெடுதலும் முதல் இரண்டு வாரங்களிலேயே வந்தன. சோகமும் பதற்றமும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் வந்தன. பராக்ஸெடின் பின்னவற்றைக் குறைத்த அளவுக்கு முன்னவற்றைக் குறைக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள், கீழே பயன்படும்.

தொடர்பு ஒருவழிப் பாதையும் அல்ல. மனச்சோர்வில் இருப்பவர் குறைவாக நடமாடுகிறார், சரியாக உறங்குவதில்லை, சிலர் புகைபிடிப்பதைக் கூட்டிக்கொள்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் அழற்சியைக் கூட்டும். ஆயினும் எல்லாவற்றையும் இப்படியே விளக்கிவிட முடியாது. பிரிட்டனில் ஒரே குழுவினரைக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், 9 வயதில் இன்டர்லூக்கின்-6 கூடுதலாக இருந்தவர்களுக்கு 18 வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது 2014இல் வெளியானது. டென்மார்க்கில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், கடும் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர்களுக்கும் தன்னெதிர்ப்பு நோய் (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கும் பிற்காலத்தில் மனநிலைக் கோளாறு வரும் அபாயம் கூடியிருந்தது.

முதல் வேலை: காலவரிசையை எழுதுங்கள்

பரிசோதனைக்கூடத்துக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் மனநிலை எப்போது சரிந்தது, எப்போது மீண்டது என்பதை ஆண்டு, மாதத்துடன் எழுதுங்கள். வலப்பக்கம் அதே காலத்தில் உடலில் நடந்தவற்றை எழுதுங்கள்: பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், மூட்டுவலி தொடங்கியது, எடை ஏறியது, புதிய மருந்து தொடங்கியது, ஈறில் இரத்தம் வந்தது, குறட்டை கூடியது. இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கையில், ஒவ்வொரு சரிவுக்கும் சில வாரங்கள் முன்பு உடலில் ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அது ஒரு தடயம். எந்தப் பொருத்தமும் இல்லை என்று தெரிந்தாலும் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்ததாகப் பிஎச்கியூ-9 என்னும் வினாத்தாளை நிரப்புங்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று கொள்வார்கள். மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் எந்தக் கேள்விகளில் மதிப்பெண் குவிந்திருக்கிறது என்றும் பாருங்கள். களைப்பு, உறக்கம், பசி, அசைவில் மந்தம், எதிலும் ஆர்வமின்மை ஆகியவற்றில் கூடுதலாகவும், குற்றவுணர்வு, தன்னைத் தாழ்வாக நினைத்தல் ஆகியவற்றில் குறைவாகவும் இருந்தால் அழற்சியைத் தேடிப் பார்ப்பதற்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. மனச்சோர்வு மருந்து சோகத்தைக் குறைத்த பிறகும் களைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது என்றால், மேலே சொன்ன இன்டர்ஃபெரான் நோயாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இதைக் கொண்டே முடிவுகட்டிவிட வேண்டாம். இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் இதே முகத்தோடுதான் வரும்.

முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், குடல் அழற்சி நோய், நீரிழிவு, உடல் பருமன், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றுள் ஏதேனும் உங்களுக்கு இருக்கிறதா என்பதையும், போதிய அளவில் போதிய காலம் உட்கொண்ட இரண்டு மருந்துகளாவது பலன் தராமல் போயினவா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். குழந்தைப் பருவத்தில் கடும் துன்புறுத்தலுக்கு ஆளானதும் இங்கே பொருந்தும் செய்தியே. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு 32 வயதிலும் அழற்சி அளவீடு கூடியிருந்ததை 2007இல் அறிவித்தார்கள். மனக்காயம் என்று நாம் சொல்வதை உடலும் கணக்கில் வைத்துக்கொள்கிறது போலும்.

பரிசோதனை: எதைக் கேட்பது, எப்போது எடுப்பது

கேட்க வேண்டியது எச்எஸ்-சிஆர்பி. சி-ரியாக்டிவ் புரதம் (சுருக்கமாக சிஆர்பி) என்பது இன்டர்லூக்கின்-6 சொல்லக் கேட்டுக் கல்லீரல் சுரக்கும் புரதம். அதன் மிகச் சிறு அளவுகளையும் காட்டக்கூடிய பரிசோதனை இது. சாதாரண சிஆர்பி பரிசோதனை பெரிய தொற்றைக் கண்டுபிடிக்கவே உருவானது என்பதால், சில கூடங்கள் குறைந்த அளவுகளை 'இயல்பு' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடும். நமக்கு எண் வேண்டும்.

எண்ணை இப்படிப் படிக்கலாம்: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அழற்சி குறைவு; 1 முதல் 3 வரை நடுத்தரம்; 3க்கு மேல் கூடுதல். 10க்கு மேல் இருந்தால் மனச்சோர்வோடு முடிச்சுப் போடுவதற்கு முன், தற்போது தொற்றோ காயமோ வேறு நோயோ இருக்கிறதா என்று தேட வேண்டும். இந்த எல்லைகள் இதயநோய் அபாயத்தைக் கணக்கிட வகுக்கப்பட்டவை. மனநல ஆய்வாளர்கள் அவற்றைக் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே 2.9க்கும் 3.1க்கும் இடையே பெரிய உண்மை எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

சளிக்காய்ச்சல், பல் பிடுங்கல், தடுப்பூசி, கடும் உடற்பயிற்சி ஆகியவை முடிந்த கையோடு இரத்தம் கொடுக்காதீர்கள். உடம்பு சரியாகி இரண்டு வாரமாவது ஆகட்டும். ஒரு தடவை கூடுதலாக வந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்து, இரண்டிலும் கூடுதலாக இருந்தால் மட்டுமே பொருட்படுத்துங்கள். கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், கர்ப்பம், உடல் பருமன், புகைப்பழக்கம் ஆகியவை எண்ணைக் கூட்டும் என்பதால், இவை இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அதே இரத்தத்தில் முழு இரத்த எண்ணிக்கை, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், வைட்டமின் பி12, ஃபெரிட்டின், சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. ஃபெரிட்டின் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் இந்தப் புரதம் அழற்சியிலும் ஏறும். ஆகவே சிஆர்பி கூடுதலாக இருக்கும்போது ஃபெரிட்டின் 'சரியாக' இருப்பது இரும்புச்சத்துக் குறைவு இல்லை என்பதற்கு உறுதியான சான்றாகாது.

சைட்டோகைன் பட்டியல், குடல்நுண்ணுயிர் அறிக்கை, 'மூளை அழற்சிப் பரிசோதனை' என்றெல்லாம் விற்கப்படுபவற்றை விட்டுவிடுங்கள். சைட்டோகைன் அளவு நாளின் நேரத்தைப் பொறுத்தே மாறக்கூடியது. மைக்ரோகிளியாவைக் காட்டும் பெட் ஸ்கேன் ஆய்வுக்கூடத்துக்கு உரியது. தனி ஒருவரின் சிகிச்சையை முடிவு செய்ய இவை இன்று உதவுவதில்லை என்பதே என் கருத்து.

மூலத்தைத் தேடுவது

சிஆர்பி உயர்ந்திருக்கிறது என்பது புகை தெரிகிறது என்பதற்குச் சமம். புகையைக் குறைக்க மாத்திரை தேடுவதைவிட எங்கே எரிகிறது என்று பார்ப்பதே முறை. ஈறு நோயைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பல் துலக்கும்போது தொடர்ந்து இரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். பலமான குறட்டையும், போதிய நேரம் உறங்கியும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் உறக்கப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். இரவெல்லாம் மூச்சுத் தடைபட்டு உயிர்வாயு குறைவது அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் ஒருசேர வழிவகுக்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் விறைத்திருத்தல், நீங்காத வயிற்றுப்போக்கு, காரணமின்றி எடை குறைதல், தோலில் செதில் படைகள் ஆகியவை தன்னெதிர்ப்பு நோயைத் தேடச் சொல்லும் அறிகுறிகள். வயிற்றுப்பகுதிக் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கல்ல, அதுவே சைட்டோகைன் சுரக்கும் உறுப்பு போலச் செயல்படுகிறது என்பது 1993இல் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் கண்டறியப்பட்டதிலிருந்து தெரிந்த செய்தி.

நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். இன்டர்ஃபெரானைப் போலவே ஸ்டீராய்டுகளும், ஆஸ்துமாவுக்குத் தரப்படும் மான்டெலுகாஸ்டும் சிலருடைய மனநிலையை மாற்றக்கூடும். அழற்சியை அடக்கும் மருந்தே மனத்தைக் கெடுக்கலாம் என்பது முரணாகத் தோன்றினாலும் உண்மை. எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிகிச்சையில் இது எதை மாற்றும், எதை மாற்றாது

முதலில் மாற்றாததைச் சொல்லிவிடுகிறேன். சிஆர்பி உயர்ந்திருக்கிறது என்பதற்காக மனச்சோர்வு மருந்தையோ உளவியல் ஆலோசனையையோ விட்டுவிடக் கூடாது.

வலி மாத்திரை அழற்சியைக் குறைக்கும்தானே, அதைத் தினமும் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போடாதீர்கள். ஐபூப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் நெடுநாள் பயன்பாட்டில் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் தரலாம். செரட்டோனின் மீது செயல்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகளுடன் சேரும்போது இரைப்பை, குடல் பாதையில் இரத்தக்கசிவு அபாயம் மேலும் கூடும். ஆஸ்பிரினும் இந்த வேலைக்கு ஆகவில்லை. 19,000க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடந்த பெரிய ஆய்வில் தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுத்தும் மனச்சோர்வு தடுக்கப்படவில்லை என்று 2020இல் தெரிவித்தார்கள். ஒமேகா-3 மாத்திரையை 18,000க்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் மனச்சோர்வைத் தடுப்பதில் பலனில்லை என்றே 2021இல் முடிந்தது. மனச்சோர்வு மருந்துடன் அழற்சியைக் குறைக்கும் வலி மருந்தான செலகாக்ஸிபைச் சேர்த்துக் கொடுத்த சில சிறு ஆய்வுகளில் பலன் தெரிந்தது உண்மைதான். அதற்கு மேல் அதைக் கொண்டு ஓடவேண்டியதில்லை.

இதில் நாம் பாடம் கற்க வேண்டிய ஆய்வு 2013இல் வெளியானது. முடக்குவாதத்துக்குத் தரப்படும், டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை, வழக்கமான மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உடைய 60 பேரிடம் வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்க்கையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் சிஆர்பி 5க்கு மேல் இருந்தவர்கள் மருந்தால் முன்னேறும் போக்கும், குறைவாக இருந்தவர்கள் வெற்று மருந்து பெற்றவர்களைவிடப் பின்தங்கும் போக்கும் தெரிந்தது. அழற்சி இல்லாதவருக்கு அழற்சி எதிர்ப்பு மருந்து பயனற்றது மட்டுமல்ல, கெடுதலாகவும் முடியலாம் என்பதை இந்தச் சிறு ஆய்வு சுட்டுகிறது. முதலில் அளந்துவிட்டுப் பிறகு பேசுவோம் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

மனநல மருத்துவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு மனச்சோர்வு மருந்துகளுள், சிஆர்பி 1க்குக் கீழே இருந்தவர்களுக்கு எஸ்சிட்டலோப்ராமும், 1 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு நார்ட்ரிப்டிலினும் கூடுதல் பலன் தந்தன. இதை வைத்து மட்டும் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. நார்ட்ரிப்டிலினுக்கு இதயம் சார்ந்த எச்சரிக்கைகளும் உண்டு. ஆனால் ஒரு மருந்து தோற்று அடுத்ததைத் தேடும் நேரத்தில், 'என் சிஆர்பி இவ்வளவு இருக்கிறது, இது உங்கள் தேர்வைப் பாதிக்குமா' என்று கேட்பது நியாயமான கேள்வி. ஏற்கெனவே முடக்குவாதமோ சொரியாசிஸோ இருப்பவர்கள், தங்கள் மனநிலைச் சரிவை அந்த நோயின் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். மூட்டு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்றாடத்தில் செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள்; சோர்ந்திருப்பவரிடம் பெரிய அட்டவணையைக் கொடுப்பது அவரைத் தோற்கடிக்கும் வழி. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் உறக்கத்தைச் சொல்வேன். உறக்கம் குலைந்தால் அழற்சிக்கான மரபணுக்கள் தூண்டப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உறக்கமின்மையால் அவதிப்பட்ட, 60 வயதைக் கடந்த 291 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வில், உறக்கத்துக்கான அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்கும், உறக்கம் பற்றிய பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் சுமார் 26 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு வந்தது. அந்தச் சிகிச்சையின் அடிப்படையை வீட்டிலேயே தொடங்கலாம்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுங்கள், உறக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குச் செல்லுங்கள், இருபது நிமிடம் புரண்டும் உறக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்காருங்கள்.

அடுத்தது நடை. சுருங்கி விரியும் தசை இன்டர்லூக்கின்-6ஐ வெளியிடுகிறது. அழற்சியைக் கூட்டும் அதே புரதம் தசையிலிருந்து வரும்போது, அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 சுரக்கத் தூண்டுகிறது. உடலின் இந்த நுணுக்கம் எனக்கு இன்றும் வியப்பளிப்பது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு. நீங்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். உடற்பயிற்சிக்கு மறுநாள் எழ முடியாத அளவுக்குக் களைப்பு கூடுகிறது என்றால், குறிப்பாக ஒரு தொற்றுக்குப் பிறகு அப்படி ஆகிறது என்றால், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

உணவைப் பொறுத்தவரை தனி ஒரு பொருளைத் தேடாமல் மொத்த வகையை மாற்றுங்கள்: காய்கறி, பழம், பருப்பு வகைகள், முழுத்தானியம் கூடட்டும், ஆலையில் பதப்படுத்திய தின்பண்டமும் இனிப்புப் பானமும் குறையட்டும். 2017இல் 67 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், இத்தகைய உணவு மாற்றத்துக்கு வழிகாட்டப்பட்டவர்களில் 32 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதத்தினர் மீண்டார்கள். எண்ணிக்கை சிறியது, ஆயினும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. புகையை விடுவது பற்றி நீங்கள் அறியாததை நான் சொல்லப்போவதில்லை.

மூன்று மாதம் கழித்து

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிஎச்கியூ-9ஐ நிரப்பி, நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். பன்னிரண்டாவது வாரத்தில், தொற்று எதுவும் இல்லாத ஒரு நாளில், எச்எஸ்-சிஆர்பியை மறுபடி எடுங்கள். இரண்டும் இறங்கியிருந்தால் செய்துவருவதைத் தொடருங்கள். மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவர் சொல்லும் வரை பொறுங்கள், ஏனெனில் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர்வதே வழக்கம். மனம் தேறியும் சிஆர்பி இறங்கவில்லை என்றால் மனநலக் கணக்கு ஒருவாறு முடிந்தது. ஆனால் இதயத்தையும் மூட்டுகளையும் பற்றிய கணக்கு திறந்தே இருக்கிறது, பொது மருத்துவரிடம் அதைத் தொடருங்கள். சிஆர்பி இறங்கியும் மனம் தேறவில்லை என்றால், உங்கள் மனச்சோர்வில் அழற்சியின் பங்கு சிறியது என்றே கொண்டு, இதுவரை உளவியல் சிகிச்சை தொடங்கவில்லையானால் அதை, தொடங்கியிருந்தால் மருந்து மாற்றத்தை, அடுத்த சந்திப்பில் முதல் கேள்வியாக வையுங்கள். இரண்டுமே அசையவில்லை என்றால் காலவரிசை எழுதிய அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் கொடுத்து, அவர் கண்ணுக்கு வேறு என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.